லைனில் ஓர் இரைச்சல்

ஜனவரி 12

அன்பு வாலு,

தலை முதல் கால் வரை நான் சௌக்கியம், நடுவில் தொண்டை மட்டும் கொஞ்சம் தகராறு. உன் முழங்கை வலி எப்படி இருக்கிறது? கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற மெஷின் முன்னால் நாள் முழுக்கக் குனிந்து நின்றால் வலிக்காமல் என்ன செய்யும்? முதலாளியிடம் ஒரு ஸ்டூல் கேள். வாய் விட்டுக் கேட்காததை யாரும் கொண்டுவந்து வைக்க மாட்டார்கள்.

போன ஞாயிறு போனில் "என்னம்மா, வேற யாரோ பேசற மாதிரி இருக்கு" என்றாய். லைன் கோளாறு என்று சொன்னேன் அல்லவா, அது இன்னும் சரியாகவில்லை. ஒரே இரைச்சல். கம்பெனியில் சொல்லி வைத்திருக்கிறேன், அவர்கள் ஆடி அசைந்து வருவதற்குள் எனக்குப் பல் விழுந்துவிடும். அதனால் கொஞ்ச நாளைக்குப் போன் வேண்டாம். நீ ஹாஸ்டலில் இருந்தபோது எழுதினோமே, அந்த மாதிரி கடிதம் போட்டுக்கொள்வோம்.

வேறு விசேஷம் இல்லை. பஞ்சு மாமா அடிக்கடி வந்து போகிறார். ஸ்டுடியோவை இழுத்து மூடி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, சவுண்டு பார்த்த மனுஷர் இன்னும் ஒரு காதில் பஞ்சோடுதான் நடமாடுகிறார். உலகம் ரொம்பச் சத்தமாகிவிட்டதாம். டப்பிங் பேசின நாங்கள் எல்லாம் வீட்டோடு உட்கார்ந்த பிறகும் அவருக்குச் சத்தம் குறையவில்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அம்மா

ஜனவரி 27

அன்புள்ள அம்மா,

முழங்கை பரவாயில்லை. ஸ்டூல் கேட்டேன், கிடைத்தது, உட்காரத்தான் முடியவில்லை. உன் உடம்பைப் பற்றி உன்னிடம் கேட்டுப் பிரயோஜனம் இல்லை என்று பஞ்சு மாமாவுக்குப் போன் போட்டேன்.

எல்லாம் சொல்லிவிட்டார். குரல்வளையில் கட்டி. குரல்வளையோடு சேர்த்து எடுக்க வேண்டும், இப்போதே எடுத்தால் உயிருக்குப் பயம் இல்லை, ஆனால் அதற்கப்புறம் பேச்சு இருக்காது. லைன் கோளாறாம், லைன் கோளாறு. பெற்ற பெண்ணிடமே டப்பிங் பேசுகிறாய்.

கேட்டதிலிருந்து எனக்கு ஓர் இடத்தில் கால் தரிக்கவில்லை. நேற்று ஒருவருடைய இடது கண் லென்ஸை வலது கண்ணுக்குத் தேய்த்து வைத்தேன். ரூமில் கட்டிலை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டேன், பிறகு சுவர்ப் பக்கம், மறுபடியும் ஜன்னல் பக்கம். கீழ் வீட்டுக்காரர் படியேறி வந்து, மேலே எல்லாம் நலம்தானே என்று மரியாதையாகக் கேட்டுவிட்டுப் போனார்.

ஆபரேஷன் செய்துகொள் அம்மா. அதற்கு முன்னால் எனக்கு ஒன்றே ஒன்று வேண்டும். நீ தமிழில் பேசின அந்தத் தேவதைத் தொடர் ஞாபகம் இருக்கிறதா? வாராவாரம் தேவதை ஏதாவது ஒரு வேலைக்காரர் வேஷத்தில் வந்து யாரையாவது கரை சேர்த்துவிட்டுப் போகுமே. அதில் பஸ் நிலையத்தில் நடக்கிற கதை. வீட்டை விட்டுக் கிளம்பி வந்த ஒரு பெண் காத்திருக்கிற அறையில் பெட்டியோடு உட்கார்ந்திருப்பாள். தேவதை தரை துடைக்கிறவளாக வரும். கடைசியில் துடைக்கிற கோலைச் சுவரில் சாய்த்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "நீ தப்பான இடத்துக்கு வரல. நான் கூடத்தான் இருக்கேன். பயப்படாம போ" என்று சொல்லும். பரீட்சைக்குப் போனபோதும் முதல் வேலைக்குப் போனபோதும் இந்த ஊரில் வந்து இறங்கின அன்றும் உன் குரலில் அதைத்தான் மனசுக்குள் ஓட்டிக்கொண்டேன். அந்த வீடியோ கேசட் எங்கே என்று பார்க்கிறாயா? உன் குரல் என்னிடம் இருக்க வேண்டும்.

தொண்டைக்கு இதமாக ஏதாவது குடி.

வாலு

பிப்ரவரி 9

அன்பு வாலு,

சுகமா? முதலில் கட்டிலை ஓர் இடத்தில் விடு. கீழ் வீட்டுக்காரரும் நாலு மணி நேரம் தூங்க வேண்டாமா?

பஞ்சு மாமா பஞ்சைக் காதில் வைத்ததற்குப் பதில் வாயில் வைத்திருக்கலாம். சரி, தெரிந்ததும் நல்லதுதான். டாக்டரம்மா நல்ல மாதிரி, முகத்தைப் பார்த்துப் பேசுகிறாள். யோசிக்கக் கொஞ்சம் அவகாசம் கேட்டிருக்கிறேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்பாய். எனக்கு முகம் என்று ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாதடி. பால் கடைக்காரர் தலையை நிமிர்த்தாமலே "வாங்கம்மா" என்பார், குரலை வைத்துத்தான். பஸ்ஸில் டிக்கெட் கேட்டால் முன் சீட்டு மொத்தமும் திரும்பும். அந்தக் குரலை எடுத்துக்கொண்டு மிச்சத்தை வீட்டுக்கு அனுப்பி வைக்கிறேன் என்கிறாள் டாக்டரம்மா. அந்த மிச்சம் யாரென்று எனக்குத் தெரியவில்லை. பயமாகத்தான் இருக்கிறது.

நீ எழுதின வசனம் எனக்கு ஞாபகம் வரவில்லை. நான் பேசின வசனம் எனக்கு மறக்காது, அதுதான் உறுத்துகிறது. தேவதை நர்ஸாக வந்தது, லாரி ஓட்டினது, டைப் அடித்தது, எல்லாம் வரி பிசகாமல் ஒப்பிப்பேன். நீ ஆசைப்பட்டுக் கேட்டது மட்டும் வெற்றிடமாக இருக்கிறது. தேடுகிறேன். அதை ஒரு தடவை கேட்டுவிட்டால் மற்றதெல்லாம் தானாக நடக்கும்.

ஸ்டூலில் உட்கார்.

அம்மா

பிப்ரவரி 20

அன்புள்ள அம்மா,

நான் நலம். நீ எப்படி இருக்கிறாய்? இதை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை, பதில் வேண்டும். டாக்டரம்மா நாள் குறித்துவிட்டாரா?

கேசட் கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் குடி முழுகிவிடாது. ஏதோ ஆசையில் எழுதினேன், நீ அதையே பிடித்துக்கொண்டு தொங்காதே. கண்ணை மூடினால் அந்த அறை அப்படியே வருகிறது என்பது வேறு விஷயம். பச்சை பெஞ்சு, ஈரத் தரை, தேவதை துடைக்க வசதியாக அந்தப் பெண் காலைத் தூக்கி மடக்கிக்கொள்வாள். ஆனால் அதெல்லாம் கிடக்கட்டும். எனக்கு நாளைச் சொல். முதலாளியிடம் லீவு கேட்க வேண்டும்.

மாத்திரையை மறக்காதே.

வாலு

மார்ச் 15

அன்பு வாலு,

பதில் போடத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. நான் நன்றாகவே இருக்கிறேன். அங்கே எல்லாம் ஒழுங்காகப் போகிறதா?

இங்கே வீடே கேசட் கடையாகிவிட்டது. பரண் மேல் இருந்த பெட்டி எல்லாவற்றையும் இறக்கியாயிற்று. பாதிக்குப் பூஞ்சை. ஒன்றில் தேவதை லாரியை விட்டு இறங்கிக் கதவைத் திறக்கிறது, உள்ளே எதிர் வீட்டுப் பையன் கேக் வெட்டிக்கொண்டிருக்கிறான். எவனோ அதன் மேலேயே பதிவு செய்துவிட்டான். கண்டுபிடித்தேன் என்றால் காதைத் திருகுவேன், அவனுக்கு இப்போது வழுக்கையாகியிருந்தாலும் சரி.

காலையில் டிவி முன்னால் உட்கார்ந்தால் விளக்கு வைக்கிற வரை எழுந்திருப்பதில்லை. உட்கார்ந்திருக்கிறேன் என்றா சொன்னேன்? கேசட்டைப் போடுவதும் எடுப்பதும் கூடத்துக்கும் அடுக்களைக்கும் நடப்பதுமாக இருக்கிறேன். பழைய நான் பேசிக்கொண்டே இருக்கிறாள். தொண்டையில் ஒரு சின்ன முள் கூட இல்லாமல் என்னமாகப் பேசுகிறாள் தெரியுமா! அவளை நிறுத்த மனசு வரவில்லை. பஸ் நிலையம் மட்டும் இன்னும் கிடைக்கவில்லை.

உன் இன்னொரு கேள்விக்கு: இங்கே வெயில் ஏறிவிட்டது. நீயும் தண்ணீர் நிறையக் குடி.

அம்மா

மார்ச் 24

சிரஞ்சீவி வாலுவுக்கு,

பஞ்சு மாமா ஆசீர்வாதம். நானும் உன் மாமியும் சுகம். போன தடவை போனில் விஷயத்தைச் சொன்னபோது நீ கத்தின கத்தலில் பஞ்சையும் தாண்டிக் காது வலித்தது. அதனால் இதை எழுதியே தெரிவிக்கிறேன்.

உன் அம்மாவுக்கு டாக்டரம்மா நாள் குறித்தாகிவிட்டது. குறித்த நாளும் போய்விட்டது. நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நர்ஸ் பேரைச் சொல்லிக் கூப்பிட்டதும் எழுந்தாள், கைப்பையை எடுத்துக்கொண்டாள், நேரே வாசலைப் பார்த்து நடந்து வந்துவிட்டாள். கேட்டால், பெண் ஆசைப்பட்ட எபிசோடு கிடைக்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்கிறாள். மறுபடி ஒரு நாள் தருகிறோம், ஆனால் இனித் தள்ளினால் எங்கள் கையில் இல்லை என்று ஆஸ்பத்திரியில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்.

இப்போது சிக்கல் என்னவென்றால், அந்தக் கேசட் என்னிடம் இருக்கிறது. போன வாரம் அகப்பட்டது. போட்டுப் பார்த்தேன். அதில் இருப்பது நீ நினைத்துக்கொண்டிருப்பது இல்லை, வாலு. பார்த்தால் இவள் என்ன ஆவாளோ என்று கொடுக்கக் கை வரவில்லை. கொடுக்காவிட்டால் தேடிக்கொண்டே நாளைக் கடத்துவாள். நீயே ஒரு வழி சொல்லு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

பஞ்சு மாமா

ஏப்ரல் 2

அம்மா,

உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று இந்தத் தடவை கேட்கப் போவதில்லை. தெரியும்.

கேசட்டைக் கொடுத்துவிடச் சொல்லி மாமாவுக்கு எழுதிவிட்டேன். அதில் என்ன இருந்தாலும் எனக்குக் கவலை இல்லை. பார்த்து முடி. அந்தச் சாக்கு முடியட்டும். நான் கேட்ட ஒன்றைப் பிடித்துக்கொண்டே நீ ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி வந்துவிட்டாய் என்று தெரிந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கடையில் ஸ்டூலைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். நின்றால் நடக்கலாம் போல இருக்கிறது, நடந்தால் ஓடலாம் போல இருக்கிறது, ஓடி எங்கே போக?

எனக்கு அந்த எபிசோடு வேண்டாம். உன் குரலும் வேண்டாம். நீ வேண்டும். மிச்சம் யாரென்று தெரியவில்லை என்று எழுதினாயே, எனக்குத் தெரியும். எனக்கு அந்த மிச்சம் போதும்.

வாலு

ஏப்ரல் 20

அன்பு வாலு,

சாப்பிட்டாயா? சாப்பிட்டுவிட்டு இதைப் படி.

கேசட் வந்தது. பஞ்சு மாமா கொடுத்துவிட்டு உட்காரக் கூட இல்லை, கடன் கொடுத்தவனைக் கண்ட மாதிரி ஓடிவிட்டார். போட்டுப் பார்த்தேன். பச்சை பெஞ்சு இருக்கிறது, ஈரத் தரை இருக்கிறது, அந்தப் பெண் காலையும் மடக்கிக்கொள்கிறாள். எல்லாம் நீ சொன்னபடிதான். ஆனால் உன் தேவதை பேசவே இல்லையடி. ஆரம்பம் முதல் முடிவு வரை ஒரு வார்த்தை இல்லை. அந்தப் பெண்தான் பேசுகிறாள், மூச்சு விடாமல் பேசுகிறாள். தேவதை தரையைத் துடைத்துக்கொண்டே "ம்" கொட்டுகிறது. அவ்வளவுதான். நீ இத்தனை வருஷம் என் குரலில் கேட்ட வசனத்தை யாரும் எழுதவில்லை. நீயே எழுதி, நீயே பேசவும் வைத்திருக்கிறாய்.

திட்டலாமா சிரிக்கலாமா என்று தெரியாமல் கூடத்தில் நின்றுகொண்டே இருந்தேன். பிறகு அந்த நாள் ஞாபகம் வந்தது. "இன்னிக்கு உங்களுக்கு லீவு, தேவதை வாயே திறக்கல" என்றார் பஞ்சு மாமா. இல்லை என்று சண்டை போட்டுக்கொண்டு மைக் முன்னால் போய் நின்றேன். அசலில் அந்த நடிகை ஏதோ முனகுகிறாள், அது நம் ஆள் கொட்டுகிற "ம்" இல்லை. நமக்கு ஒரு "ம்" என்றால் 'அப்புறம்?', ஒரு "ம்" என்றால் 'அடப்பாவமே', ஒன்று 'சொல்லு சொல்லு', ஒன்று 'போதும் அழாதே'. அந்த ஒரே எழுத்தை வைத்துக்கொண்டு காலையிலிருந்து இருட்டும் வரை நின்றேன். கடைசியில் அந்தப் பெண் சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லி முடித்துவிட்டு அழுவாள். அங்கே "ம்" கூட இல்லை. தேவதை பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு விடும், அவ்வளவுதான். மைக்கில் உதட்டை ஒட்டி அந்த மூச்சை விட்டேன். பஞ்சு மாமா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காதிலிருந்து பஞ்சை எடுத்துவிட்டுக் கேட்டார்.

நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து தொணதொணவென்று பேசுவாயே, அப்போதும் நான் இப்படித்தான். மறுநாள் ரெக்கார்டிங் என்றால் தொண்டையைக் காக்க வாயைத் திறக்க மாட்டேன், "ம்" மட்டும்தான். நீ பாட்டுக்குச் சொல்லி முடித்துவிட்டு, அம்மா நிறையப் பேசினாள் என்று திருப்தியாக விளையாடப் போவாய்.

நேற்று டாக்டரம்மாவிடம் போனேன். அந்த "ம்"மாவது மிஞ்சுமா என்று கேட்டேன். மிஞ்சாதாம். அதுவும் குரல்வளையிலிருந்துதான் வருகிறதாம். அப்புறம் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். மே ஐந்தாம் தேதி. வந்துவிடு. எனக்கு நடுக்கமாக இருக்கிறது.

பத்திரமாக வா.

அம்மா

ஜூன் 28

அன்பு வாலு,

நீ திரும்பிப் போய்ச் சேர்ந்ததும் போட்ட கடிதம் வந்தது. பிரயாணத்தில் கால் வீங்கியது வடிந்ததா? எனக்குப் புண் ஆறிவிட்டது. கழுத்தில் இருக்கிற துளை வழியாக மூச்சு விடப் பழகிவிட்டேன். மேலே மெல்லிய துணி கட்டிக்கொள்கிறேன். கண்ணாடியில் பார்த்தால் சாப்பிட உட்கார்ந்த குழந்தை மாதிரி இருக்கிறது.

என்னை ஸ்ட்ரெச்சரில் உள்ளே கொண்டு போனபோது கூடவே நடந்து வந்து நீ ஒன்று சொன்னாய். "நீ தப்பான இடத்துக்கு வரல. நான் கூடத்தான் இருக்கேன். பயப்படாம போம்மா." யாரும் எழுதாத அந்த வசனம்தான். நானும் "ம்" என்றேன். உனக்குக் கேட்டதோ இல்லையோ, அதுதான் கடைசி "ம்". நல்ல இடத்தில்தான் செலவாயிற்று.

ஆனால் நீ போன பிறகு பொழுதைத் தள்ள முடியவில்லை. இருப்புக்கொள்ளாமல் பகலெல்லாம் வீட்டையே சுற்றிச் சுற்றி வருகிறேன். போன வாரம் பால் கடையில் வாயைத் திறந்தேன், பழக்க தோஷம். கடைக்காரர் குனிந்தபடியே வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வந்து நிற்பதே அவருக்குத் தெரியவில்லை. மேஜையைத் தட்டிய பிறகுதான் நிமிர்ந்தார். வீட்டுக்கு வந்து அழுதேன். சத்தம் இல்லாமல் அழுவதற்கு இன்னும் பழகவில்லை.

போன் வீணாகக் கிடக்கிறது. இணைப்பை எடுத்துவிடச் சொல்லலாம் என்றிருக்கிறேன். யார் பேச?

முழங்கையைக் கவனி.

அம்மா

ஜூலை 8

அன்புள்ள அம்மா,

கால் வீக்கம் வடிந்தது, முழங்கையும் சமர்த்தாக இருக்கிறது. புண் ஆறின இடத்தில் சொறியாதே, உன் கை எனக்குத் தெரியும்.

போனில் கை வைத்தால் பார். இனி ஞாயிறு சாயங்காலம் நான் கூப்பிடுவேன். எடுத்துக் காதில் வைத்துக்கொள். பேச்சை நான் பார்த்துக்கொள்கிறேன், சின்ன வயதில் நான்தானே எல்லாம் பேசினேன். நீ நகத்தால் ரிசீவரைத் தட்டு. "ம்" கொட்டுவது என்றுதானே சொல்கிறோம்? வாயால்தான் கொட்ட வேண்டும் என்று எங்கே இருக்கிறது? நீ நிஜமாகவே கொட்டு.

ஆஸ்பத்திரியில் நீ சொன்ன அந்தக் கடைசி "ம்" எனக்குக் கேட்டது. இனி அதைச் சொல்லப் போவது பால் கடையில் தட்டின அதே விரல்தான்.

வாலு

ஜூலை 23

அன்புள்ள அம்மா,

சுகமாக இருக்கிறாயா? நான் இன்றைக்குக் கடையில் ஸ்டூலைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பேச்சு இன்னும் காதிலேயே நிற்கிறது. முதலாளி தன் கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டே கடை முழுக்கத் தேடின கதையில் நீ வேகவேகமாகத் தட்டினாய் பார், அது சிரிப்புதானே? கீழ் வீட்டுக்காரரைப் பற்றிச் சொன்னபோது ஒரே தட்டு, மெதுவாக. அது "ம்ம், அப்புறம்?" என்று நீ இழுப்பாயே, அதுதான். அவரைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை அம்மா. சும்மா இரு.

கடைசியில் நான் அப்படி அழுதிருக்க வேண்டாம். உன் குரல் எப்படி இருந்தது என்று எனக்கு ஞாபகம் வர மாட்டேன் என்கிறது என்று சொன்னேனே, உண்மைதான். பஸ் நிலைய வசனம் கூட இப்போது என் குரலில்தான் ஓடுகிறது. அதைச் சொல்லி முடித்ததும் உன் தட்டல் நின்றுவிட்டது. கோபமோ, வருத்தமோ, எனக்குத் தெரியவில்லை. பிறகு லைனில் ஏதோ இரைச்சல், காற்று வந்து போகிற மாதிரி. நான் அழுது முடிக்கிற வரை அது இருந்தது. அன்றைக்குப் பொய்யாகச் சொன்ன லைன் கோளாறு இப்போது நிஜமாகவே வந்துவிட்டதா? கம்பெனிக்கு ஒரு தடவை எழுதிப் போடு.

தண்ணீர் குடி.

வாலு

ஆகஸ்டு 3

அன்பு வாலு,

நான் நலம். நிஜமாகவே நலம். பால் கடைக்காரர் இப்போது தட்டல் சத்தம் கேட்டால் நிமிராமலே "வாங்கம்மா" என்கிறார். கீழ் வீட்டுக்காரர் நலமா என்றும் எழுது.

கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. நீ அழ ஆரம்பித்ததும் அந்த இடத்தில் "ம்" கொட்டக் கூடாது என்று எனக்குத் தெரியும். தட்டுவதை நிறுத்திவிட்டு, துணியை விலக்கி, ரிசீவரைக் கழுத்துப் பக்கம் வைத்துக்கொண்டேன்.

கம்பெனிக்கு ஒன்றும் எழுத வேண்டாம். அது லைன் கோளாறு இல்லை. நான்தான்.

அம்மா